இரண்டு மேசை, ஒரு வலம்புரி

ராசமலருக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு கடுதாசி.

பருத்தித்துறையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் யோகமலருக்கு மாசி கடைசியில் முதற்பிள்ளை கிடைக்கும் என்று நாள் சொல்லியிருந்தார்கள். மாமியார் இல்லாத வீடு. மருமகன் தங்கமான ஆள்தான், ஆனால் வெந்நீர் வைக்கச் சொன்னால் எந்தப் பானையில் என்று கேட்டுவிட்டு நிற்பவர். சண்டையால் தரைப்பாதையைப் போன ஆவணியோடு பூட்டிவிட்டார்கள். மிச்சம் கப்பல்தான். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தரம் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் அந்தக் கப்பலில் ஏற ஓர் அனுமதிக் கடுதாசி வேண்டும். அதைக் கொடுப்பதற்கென்று துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ஓர் அலுவலகம் இருந்தது. கொடுப்பதற்கென்று இருந்தது என்றுதான் சொல்லலாம்; கொடுத்தது என்று சொன்னால் வாய் அழுகிவிடும்.

அதன் பெயர் வடபுலக் கப்பற் பயணிகள் ஒழுங்கமைப்பு உப செயலகம். பலகை எழுதியவருக்கு இடம் போதாமல் ‘செயலகம்’ மட்டும் தனியே கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே இரண்டு கணினிகள் இருந்தன. கடல் பொங்கி ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு வந்த ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கொடுத்தவை. இரண்டிலும் ஓடியது வலம்புரி என்ற இயங்குதளம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் கூடிச் செய்து, யாரும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், திருத்துங்கள், அயலட்டைக்கும் கொடுங்கள் என்று சும்மா விட்ட சாமான் அது. அதில் வீட்டுக்கென்று ஒரு பதிப்பும் அலுவலகத்துக்கென்று ஒரு பதிப்பும் உண்டு. அதைப் போட்டுக் கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர், மதியப் பசியில், ஒன்றில் இல்லப் பதிப்பையும் மற்றதில் அலுவலகப் பதிப்பையும் போட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய்விட்டார்.

வேறெங்கும் என்றால் அது கைப்பிழை. இங்கே உதவி ஒழுங்கமைப்பாளர் ஞானசேகரம் அதைக் கண்டார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சுற்றுநிருபம் வெளியிட்டார். வீட்டு அலுவலாகப் பயணம் செய்வோரின் விண்ணப்பம் இல்லப் பதிப்பிலும், தொழில் அலுவலாகப் பயணம் செய்வோரின் விண்ணப்பம் அலுவலகப் பதிப்பிலும் மட்டுமே பதியப்படும். பதிப்பு மாறிப் பதியப்பட்ட விண்ணப்பம் பதியப்படாத விண்ணப்பமாகக் கருதப்படும். அதன்படி இரண்டு மேசை, இரண்டு வரிசை, பச்சை மையில் ஒரு முத்திரை, நீல மையில் ஒரு முத்திரை. உட்கார இல்ல வரிசைக்கு நீளப் பலகை வாங்கு, அலுவலக வரிசைக்குத் தனித்தனிக் கதிரை. எழுதுவினைஞர் மட்டும் ஒருவர்தான்: கிண்ணியாவிலிருந்து தோணியேறி வரும் நஜ்முன் நிஸா.

உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து, மூன்று சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, ராசமலர் முதல் நாள் வாங்கில் உட்கார்ந்தபோது காலை எட்டரை. அவளுடைய முறை வந்தபோது பதினொன்றரை.

“என்ன அலுவல், அம்மா?” என்று நிஸா கேட்டாள்.

“மகளுக்குப் பிள்ளைப்பேறு. பருத்தித்துறைக்குப் போகவேணும், பிள்ளை.”

“அப்ப வீட்டு அலுவல். குடும்பத் தலைவர் யாரு?”

“அவர் கண்ணை மூடி ஒன்பது வருசம். நான்தான்.”

“எத்தின நாளைக்கு?”

“முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிச்சுப்போட்டுத்தான் வருவன்.”

நிஸா தட்டிக்கொண்டிருந்த விரலை எடுத்துவிட்டு உள்ளறைப் பக்கம் பார்த்தாள். ஞானசேகரம் வெளியே வந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பச்சைப் பேனை ஒன்று, நீலப் பேனை ஒன்று.

“அம்மா, குடும்பத் தலைவர் பதினாலு நாளுக்கு மேல வீட்டை விட்டு விலகியிருக்க இல்லப் பதிப்பில இடமில்லை,” என்றார். “தலைவர் இல்லாத வீட்டை நாங்கள் வீடு என்டு எப்பிடிப் பதியிறது?”

“வீட்டில வேற ஒருத்தரும் இல்ல, சேர். நான் பூட்டிப்போட்டுத்தான் போறன்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன். ஆளில்லாத வீட்டிலயிருந்து ஆர் பயணம் போறது?”

“முப்பத்தொண்டு கழியாமப் பிள்ளை பெத்தவளை விட்டிட்டு வாறதே, சேர்? உங்கட வீட்டில அப்பிடிச் செய்வினமே?”

“என்ட வீடு வேற, இல்லப் பதிப்பு வேற. அது கிடக்கட்டும், நீங்கள் என்ன தொழில்?”

“தையல். பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறனான்.”

“எத்தினை மெசின்?”

“ஒண்டு.”

ஞானசேகரத்தின் முகம் மலர்ந்தது. “அப்ப நீங்கள் குடும்பம் இல்லை, நிறுவனம். அங்கால மேசைக்குப் போங்கோ.”

ராசமலர் எழுந்து அங்கால மேசைக்குப் போனாள். நிஸாவும் எழுந்து, மூன்றடி நடந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மற்றக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“என்ன அலுவல், அம்மா?”

“பிள்ளை, இப்பதானே சொன்னனான்!”

“அது அந்த மேசைக்குச் சொன்னது. இந்த மேசைக்கு இன்னும் சொல்லல்ல. குறை நினைக்காதீங்கம்மா,” என்று நிஸா குரலைத் தாழ்த்தினாள். “அந்த மேசையில கேட்டத இந்த மேசைக்குக் கொண்டுவரக் கூடாதென்டு சுற்றுநிருபம் இருக்கு.”

ராசமலர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அலுவலகப் பதிப்புக்குப் பிள்ளைப்பேறு என்ற சொல் பிடிக்கவில்லை. தொழில் நோக்கம் என்ற கட்டத்தில் தொழில்தான் வரவேண்டும் என்றார் ஞானசேகரம். ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டு, “வடபுலத்தில் புதிய கிளை திறப்பதற்கு உதவுதல்” என்று அவரே சொல்லிக் கொடுத்தார். பொய் இல்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். ஆனால் நிறுவனத்தின் ஆள் ஒருவர் பயணம் போவதென்றால் அதற்குப் பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஒன்று வேண்டும்; அதுவும் தட்டச்சில் வேண்டும்.

அந்த வாரக் கப்பல் வியாழக்கிழமை போயிற்று. ராசமலர் அதன் ஊதலை பஸ்ஸுக்குள் இருந்து கேட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கலீலுர் றஹ்மான் கொமினிகேசன் வைத்திருந்தான். தொலைபேசி, போட்டோப் பிரதி, தட்டச்சு எல்லாம் அங்கேதான். யோகமலரோடு ராசமலர் கதைப்பதும் அவனுடைய கடைத் தொலைபேசியில்தான். அவள் வந்து கதையைச் சொன்னதும் அவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு பிளேன்ரீ எடுத்து வைத்தான்.

“குடிங்க அக்கா. எழுதுவம். தலைமை தாங்கினது யாரு?”

“நான்தான்.”

“சமுகமளித்தோர்?”

“நான்தான், தம்பி. வேற ஆர் இருக்கினம்?”

“முன்மொழிஞ்சது நீங்க. வழிமொழிய இன்னொராள் வேணுமே. என்னையும் உங்கட நிறுவனத்தில சேருங்க.”

“நீர் தைப்பீரே?”

“பட்டன் மட்டும் தைப்பன் என்டு போடுங்க.”

அப்படியாக ராசமலர் தையலகத்தின் முதலாவது பணிப்பாளர் சபைக் கூட்டம் ஒரு பிளேன்ரீயோடு நடந்து, வடபுலக் கிளைக்கு ராசமலரை அனுப்புவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மறுநாள் அந்தத் தாளை ஞானசேகரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் கறுத்தது. தாளின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், ‘வலம்புரி இல்லம்’ என்று விழுந்திருந்தது. கலீலுர் றஹ்மானின் கடையிலும் வலம்புரிதான் ஓடியது, இல்லப் பதிப்பு.

“இது என்ன அம்மா? நிறுவனத்தின்ட தீர்மானம் வீட்டுக் கொம்பியூட்டரில! சபை கூடினது குசினி அடுப்படியிலயோ?”

ராசமலர் வந்த வழியே திரும்பி நடந்தாள். கலீலுர் றஹ்மானுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு சீடியை எடுத்தான்.

“இங்க பாருங்க அக்கா. வலம்புரி இதுதான். ஒரே சீடி. போடக்குள்ள அது ஒரு கேள்வி கேட்கும், வீடா அலுவலகமா என்டு. வீடென்டு அமத்தினா பூந்தோட்டப் படமும் சீட்டு விளையாட்டும் வரும். அலுவலகமென்டு அமத்தினா சாம்பல் நிறமும் நாட்காட்டியும் வரும். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் உரிச்ச பிரதி.”

“அப்ப அந்த ரெண்டு மேசையும்?”

“அத அந்த சேரிட்டத்தான் கேட்கணும்.”

கேட்கத்தான் போனாள். ராசமலர் சண்டைக்காரி இல்லை. சந்தையில் மீன் கெட்டிருந்தால்கூட அடுத்த கடைக்குப் போகிறவள். ஆனால் முந்தின நாள் யோகமலர் தொலைபேசியில், “அம்மா, கால் வீங்கிப்போச்சு, நீங்கள் எப்ப வாறீங்கள்?” என்று கேட்டிருந்தாள். அந்தக் குரல் காதுக்குள் கிடந்து குடைந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “சேர், ரெண்டும் ஒண்டுதானாம். ஒரே சீடியாம்.”

வாங்கில் இருந்தவர்களும் கதிரையில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானசேகரம் கோபப்படவில்லை. பள்ளிக்கூடப் பரிசளிப்பில் பேசுகிறவர் போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அம்மா, ஒண்டென்டு சொல்லுறது லேசு. ஒண்டென்டால் நாங்கள் ஏன் ரெண்டு மேசை வைச்சிருக்கிறம்? ரெண்டு முத்திரை ஏன்? வித்தியாசம் இல்லாத இடத்தில இந்த உப செயலகம் ஆறு மாசமா இவ்வளவு வேலை செய்திருக்குமே? இந்தக் காலத்தில ஆர் வீட்டு ஆள், ஆர் வெளி ஆள் என்டு பிரிக்காட்டி நாடு என்னாகிறது? பிரிக்கிறதுதான் அம்மா நிருவாகம். பயணம் போறதெண்டது அதுக்குப் பிறகு வாற சின்ன விசயம்.”

சொல்லிவிட்டு உள்ளே போனவருக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை போலும். அடுத்த நாளே புதிய சுற்றுநிருபம் சுவரில் ஒட்டியிருந்தது. வலம்புரியின் உள்ளெழுத்தை, அதாவது அதை இயக்கும் கட்டளை வரிகளை, எவரும் பார்க்கலாம் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருப்பதாலும், பார்க்கலாம் என்று சொல்லியும் ஏன் பார்க்கவில்லை என்று நாளை கணக்காய்வாளர் கேட்கக்கூடும் என்பதாலும், இரு பதிப்புகளின் உள்ளெழுத்து முழுவதும் அச்சிடப்பட்டு, வரிக்கு வரி ஒப்புநோக்கப்படும். அதுவரை அனுமதிகள் அச்சிடப்படமாட்டா. ஏனென்றால் அலுவலகத்தில் இருந்த அச்சுப்பொறி ஒன்றுதான்.

அச்சுப்பொறி கிறீச்சிடத் தொடங்கியது. இரண்டாம் நாளே தாள் முடிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ஞானசேகரம் இன்னொரு சுற்றுநிருபம் எழுதினார்: இல்ல விண்ணப்பகாரர் நூறு தாளும், நிறுவன விண்ணப்பகாரர் ஐந்நூறு தாள் கட்டு ஒன்றும் தம் செலவில் கொண்டுவர வேண்டும்.

ராசமலர் நிறுவனம் அல்லவா? ஐந்நூறு தாளைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் கட்டைப் பிரித்துப் பார்த்தான். எல்லாம் வெறுந்தாள். அதுதான் அவனுக்குச் சந்தேகம். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஐம்பதாவது தாளில் களைத்துப்போய், “மே மொகடத?”, இது எதற்கு, என்று சிங்களத்தில் கேட்டான்.

“கொம்பியூட்டருக்கு வாசிக்கக் குடுக்கப் போறன்,” என்றாள் ராசமலர். அவளுக்குத் தெரிந்த மட்டில் அது உண்மை. அவன் தலையில் அடித்துக்கொண்டு போகச் சொன்னான்.

நாலு நாள் கழித்து அவள் போனபோது உப செயலகத்தில் நடக்க இடமில்லை. இல்லப் பதிப்பு ஒரு சுவரோரமாகவும் அலுவலகப் பதிப்பு மறு சுவரோரமாகவும் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தது. ஒப்புநோக்கும் வேலைக்கு ஆள் போதாமல் வரிசையில் நிற்பவர்களையே பிடித்திருந்தார்கள். ராசமலருக்கு அருகில், கிளிவெட்டியில் மகளிடம் வந்து, வடக்கே ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட சுன்னாகத்து ஓய்வுபெற்ற தபாலதிபர் காசிநாதர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, விளங்காத ஆங்கில எழுத்தையும் அடைப்புக்குறிகளையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன ஐயா, வித்தியாசம் ஏதும் தெரியுதோ?”

“எனக்கு என்ட கண்தான் வித்தியாசமாத் தெரியுது, பிள்ளை,” என்றார் காசிநாதர். “நாளைக்குக் கப்பலாம். உமக்குத் தெரியுமே?”

அவளுக்குத் தெரியும். அந்தக் கப்பலும் போயிற்று. உள்ளே அச்சுப்பொறி ஓடிக்கொண்டிருந்ததால் இந்த முறை ஊதல்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

மாசி இருபத்துமூன்றாம் நாள் கலீலுர் றஹ்மான் சைக்கிளை மிதித்துக்கொண்டு உப்புவெளி வரைக்கும் வந்துவிட்டான். முற்றத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு, “அக்கா, பேத்தி! பேத்தி பிறந்திருக்கு! மருமகன் போன் எடுத்துச் சொன்னவரு. தாயும் புள்ளயும் சுகம்!” என்று கத்தினான். ராசமலர் தைத்துக்கொண்டிருந்த சின்னச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். ஆனால் அந்தச் சந்தோசத்தைக் கிட்ட நின்று கையில் வாங்க முடியாத ஆத்திரமும் அதே கண்ணீரில்தான் வந்தது. ஒவ்வொரு தாய்க்கும் கிடைக்கிற ஒன்று அது. அவளுக்கு மட்டும் ஒரு பூந்தோட்டப் படமும் ஒரு நாட்காட்டியும் குறுக்கே நின்றன.

மூன்று நாள் கழித்து உப செயலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒப்புநோக்கல் முடிந்துவிட்டது. ஞானசேகரம் புதுச் சட்டை போட்டிருந்தார். விண்ணப்பகாரர்களை எல்லாம் கூட்டி, இரண்டு தாளை உயர்த்திப் பிடித்தார்.

“பதினோராயிரத்துச் சொச்சம் பக்கம் பார்த்தம். வித்தியாசம் இல்லை என்டு கதை கட்டினவை இப்ப வந்து பார்க்கட்டும். இந்தப் பக்கத்தில ‘இல்லம்’ என்டு கிடக்கு. இதே பக்கம், இதே வரி, அலுவலகப் பதிப்பில ‘அலுவலகம்’ என்டு கிடக்கு!” அவருடைய கண் கலங்கியது. “ஒரு சொல்! அந்த ஒரு சொல்லைக் காப்பாத்தத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறம்.”

யாரோ ஒருவர் தவறிப்போய்க் கைதட்டினார். பிறகு அனுமதிகள் கொடுக்கப்பட்டன. ராசமலரின் பெயரும் கூப்பிடப்பட்டது. நீல முத்திரையோடு, நோக்கம் ‘புதிய கிளை திறப்பதற்கு உதவுதல்’ என்றிருந்த கடுதாசியை ஞானசேகரம் தம் கையாலேயே நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

“கிளை எப்ப திறக்கிறது, அம்மா?”

ராசமலருக்குப் பொய் வராது. “பிறந்திட்டுது, சேர். பெட்டைப்பிள்ளை.”

“அப்ப நோக்கம் நிறைவேறிட்டுதே!” அவர் உண்மையாகவே மனம் வருந்தினார். அதுதான் அவரிடம் உள்ள பெரிய கெடுதி. “நிறைவேறின நோக்கத்துக்கு அனுமதி குடுத்தால் என்ட வேலை போயிடும். நீங்கள் பேத்தி பார்க்கிறதெண்டு புதுசா ஒண்டு போடுங்கோ. ஆனா அது வீட்டு அலுவலா, கிளை மேற்பார்வையா என்டு இனித்தான் தீர்மானிக்கவேணும். ஒரு சுற்றுநிருபம் வரும்.”

அவர் கடுதாசியை நாலாக மடித்துக் கிழித்தார். நாலு துண்டிலும் முத்திரையின் நீலம் இருந்தது.

ராசமலர் வாங்கில் போய் உட்கார்ந்தாள். சத்தம் போடவேண்டும், மேசையைப் பிரட்டவேண்டும் என்று மனம் சொன்னது. எழும்பவில்லை. ஞானசேகரம் உள்ளறைக்குப் போனதும் நிஸா எழுந்து வந்தாள். இரண்டு மேசைக்கும் நடுவில் அவள் நின்றதை ராசமலர் அன்றுதான் பார்த்தாள். கையில் ஒரு கட்டுத் தாள்.

“இதெல்லாம் எரிக்கச் சொல்லிட்டாரு. இந்தக் கட்டு நீங்க கொண்டுவந்த தாள்தான், உறையில உங்கட பேர் கிடக்கு. ஒரு பக்கம் வெறுசாத்தான் இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோங்கம்மா.”

மேல்தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஆங்கிலம் இருந்தது. அதே எழுத்து அடுத்தடுத்த தாள்களின் தலையிலும் திரும்பத் திரும்ப வந்தது. “இதில என்ன எழுதிக்கிடக்கு, மகள்?” என்று ராசமலர் கேட்டாள்.

நிஸா தாளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்துச் சொன்னாள். “இத யாரும் எடுக்கலாமாம். எங்கயும் கொண்டுபோகலாமாம். விரும்பின ஆளுக்குக் குடுக்கலாமாம். அதுக்கு ஒருத்தரிட்டயும் அனுமதி கேட்கத் தேவல்லியாம்.”

“எத்தினை தரம் எழுதியிருக்கு?”

“எல்லாத்திலயும்தான்.” நிஸாவின் கண் நிறைந்துவிட்டது. “பதினோராயிரம் பக்கத்தில இத ஒருத்தரும் வாசிக்கல்லம்மா.”

வீட்டுக்கு வந்த ராசமலர் தையல் மெசினின் பலகையில் அந்தத் தாள்களை மறுபக்கம் திருப்பி வைத்து எழுதத் தொடங்கினாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கு அரைக்கிறபோது மிளகும் மல்லியும் எவ்வளவு என்று எழுதினாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கவேண்டும், வயிற்றுக்குத் துணி எப்படிக் கட்டவேண்டும், பிள்ளையைக் காலில் போட்டுத் தண்ணீர் வார்க்கிறபோது கழுத்தை எந்தக் கையால் தாங்கவேண்டும் என்று எழுதினாள். வெந்நீர் எந்தப் பானையில் என்று மருமகனுக்குத் தனியாக எழுதினாள். தாள் தாளாக நிறைந்தது. முப்பத்தொரு நாளில் அவள் கையால் செய்யவேண்டியதெல்லாம் எழுத்தாகிப் போனது. கடைசித் தாளின் அடியில் எழுதினாள்:

“நான் வரேல்ல, மகள். என்ட தாள்தான் வருது. பின்பக்கத்தில இங்கிலீசில ஒண்டு எழுதிக்கிடக்கு. உன்ட அவரிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேள். தாளுக்கு அனுமதி வேண்டாமாம், எனக்குத்தான் வேணுமாம். அம்மா வர மனமில்லாமல் நிண்டவள் இல்லையெண்டு விளங்கும்.”

அடுத்த கப்பல் செவ்வாய்க்கிழமை புறப்பட்டது. கடிதப் பைகளை முதலில் ஏற்றினார்கள். அவற்றைத் துறைமுக வாசலில் ஒருவரும் எந்தப் பதிப்பு என்று கேட்கவில்லை.